எழுதாமல் விட்ட எட்டு நிமிடம்

போன மாதம் மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு காலேஜில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். காது கேட்காதவர்களும் கலந்துகொள்கிற மாதிரி ஆன்லைன் கூட்டம் நடத்துவது எப்படி என்று நான் சொல்ல வேண்டுமாம். என் மகள் அங்கே படித்தவள். அம்மா இரண்டு வருஷம் அப்பாவுக்காகக் கூட்டத்தில் உட்கார்ந்து டைப் அடித்தாள் என்று அவள் யாரிடமோ சொல்லி வைக்க, அது இப்படி வந்து முடிந்தது.

போய்ப் பேசினேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் கரிக்கட்டையாகத் தெரியும் என்றேன். ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் வாயைத் திறக்கட்டும் என்றேன். போனை மடியில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு உங்கள் மூக்கு ஓட்டையைக் காட்டி என்ன பிரயோசனம் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பேசுவதை உடனுக்குடன் எழுதிக் காட்ட ஓர் ஆளை உட்கார வையுங்கள் என்று முடித்தேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பீரோவில் வைக்கும்போது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. அப்படி உட்கார வைத்த ஆள் என்ன செய்தாள் என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தாறு வயதில் காது போனது. ஒரே நாளில் போகவில்லை, ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காது மிஷின் வாங்கிப் பார்த்தோம். அதில் சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. மிக்ஸி ஓடுகிறது என்று தெரியும், பெண்டாட்டி என்ன கேட்கிறாள் என்று தெரியாது. ஒரு வகையில் சௌகரியம்தான் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவர் பேசுவார், நன்றாகவே பேசுவார். தன் குரல் தனக்குக் கேட்காததால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். எதிராளி பேசும்போது வாயையே பார்த்துப் பாதி புரிந்துகொள்வார், மீதியை யூகித்துக்கொள்வார்.

காது போனதும் ஒவ்வொன்றாக மற்றதெல்லாம் போயிற்று. கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவதை ஊர்க்காரர்கள் நிறுத்தினார்கள். டீக்கடையில் நாலு பேர் சிரித்தால் தானும் சிரித்துவிட்டு வருவார், வீட்டுக்கு வந்து, "இன்னாத்துக்கு சிரிச்சாங்கன்னே தெரியலடி" என்பார். மிச்சம் இருந்தது ஏரிச் சங்கத் தலைவர் பதவி ஒன்றுதான். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஏரித் தண்ணீரை நம்பி நாலு ஊர் நிலம் இருக்கிறது. எந்த ஊருக்கு எந்த நாள் மதகு திறப்பது என்பதைச் சங்கம் முடிவு செய்யும். எங்கள் நிலம் ஏரியை ஒட்டி இருக்கிறது, தண்ணீர் முதலில் எங்களுக்குத்தான் வரும். ஆனால் கால்வாயின் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரன் நிலம் ஒரு தடவையாவது நனைந்த பிறகுதான் நமக்கு இரண்டாம் தண்ணீர் என்று சட்டம் போட்டவர் இவர். சொந்தக்காரனே திட்டினான். இவர் அசையவில்லை.

முன்பெல்லாம் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். இவர் அரை மணி முன்னாலேயே போய், வெளிச்சம் மற்றவர்கள் முகத்தில் விழுகிற மாதிரி ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வார். எல்லோர் வாயும் தெரியும், பிழைத்துக்கொண்டிருந்தார். கொரோனா வந்து கூட்டத்தைப் போனுக்குள் போட்டது. கொரோனா போன பிறகும் கூட்டம் வெளியே வரவில்லை. டவுனிலிருந்து வரவேண்டிய அதிகாரிக்கு அலைச்சல் மிச்சம், அவர் எதற்கு விடுவார்? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் வரும்.

முதல் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. போன் திரையில் ஆளுக்கொரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒருவர் நெற்றி, ஒரு கட்டத்தில் சீலிங் ஃபேன், ஒன்றில் மாட்டுக் கொம்பு. இவர் ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும், "நல்லா ஃபேன் பாத்தன்" என்று எழுந்து போனார். மகள் போனில் என்னவோ அமுக்கி, பேசுவதைத் தானாகவே எழுத்தாகக் காட்டும்படி செய்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சை அது மனிதப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் மோட்டார் ஓடினால் போதும், எழுதுவதையே நிறுத்திவிடும்.

வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நாலு ஊருக்கும் வீடு வீடாகப் போனார். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, எங்கே உட்கார வேண்டும், விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு உறுப்பினரையும் உட்கார வைத்துக் காட்டிவிட்டு வந்தார். இரண்டு கூட்டம் அருமையாக நடந்தது. மூன்றாவதில் ஃபேன் திரும்பி வந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு நடுவிலேயே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், கடையில் சில்லறை கொடுக்க வேண்டும், யார் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்?

அப்போதுதான் நான் உள்ளே வந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் வில்லியனூரில் டைப்ரைட்டிங் படித்தவள் நான், தமிழ் லோயர் பாஸ். மகளுடைய பழைய லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பேசுவதை அப்படியே அடித்தேன். முதல் நாள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வரி வந்ததும் படித்து, உடனே பதில் சொல்லி, எதிராளியை மடக்கி, மறுபடியும் பழைய ஆளாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒருவர் அதிகாரியிடம் குறைப்பட்டு, "செவுடன் காதுல ஊதின சங்கு மாரி இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டமே கப்சிப். நான் அதையும் ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது இவர்தான்.

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. ஆண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாது, எழுத ஆரம்பித்தால்தான் தெரியும், அதில் முக்கால்வாசி வெறும் வாய்ச் சவடால் என்று. ஒரே விஷயத்தை ஏழு பேர் ஏழு தடவை சொல்வார்கள். நாலைந்து மாதத்தில் நான் சுருக்க ஆரம்பித்தேன். 'பழைய கதைதான்' என்று அடிப்பேன். 'சும்மா பேசுறாங்க' என்று அடிப்பேன். அவர்கள் சிரித்தால், "இன்னா சிரிக்கிறாங்க?" என்று கேட்பார். 'ஒன்னுமில்ல' என்று அடிப்பேன்.

ஒரு நாள் கோபமாகவே சொன்னார்: "ஒன்னுமில்லன்னு போடாதடி. அந்த ஒன்னுமில்லாததுலதான் ஊரே இருக்குது. அதயும் அடி."

சரி என்றேன். இரண்டு கூட்டம் அடித்தேன். பிறகு பழையபடி ஆகிவிட்டது.

இதற்கிடையில் சங்கத்துக்காரர்கள் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு என்னிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள். "அண்ணி, அண்ணங்கிட்ட சொல்லிடுங்க" என்றுதான் எல்லாப் பேச்சும் ஆரம்பிக்கும். கூட்டத்தில் மட்டுமில்லை. அவருக்குப் போன் செய்ய முடியாதே, அதனால் எனக்குச் செய்வார்கள். காலை ஆறு மணிக்கு மதகு அடைத்துக்கொண்டது என்று ஒருவர், சோறு வடிக்கும்போது எங்கள் முறை எப்போது என்று இன்னொருவர். அவர் வயலில் எங்கே நிற்கிறார் என்று தேடிக்கொண்டு போய், அவர் முகத்துக்கு எதிரே நின்று வாயை அசைத்துச் சொல்லிவிட்டு வரவேண்டும். எனக்கு அலுத்துப்போயிற்று. அதை அவரிடம் சொன்னதில்லை. மற்ற வீடுகளில் பெண்டாட்டி அடுப்பங்கரையில் நின்று முணுமுணுத்தால் புருஷன் காதில் விழும், பாதி பாரம் அங்கேயே இறங்கும். எங்கள் வீட்டில் எதைச் சொல்வதென்றாலும் எதிரே போய் நின்று, கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். முணுமுணுப்பதற்கு வழியே இல்லை. அதனால் நான் எதையும் சொல்லாமல் இருந்தேன், நாளாக ஆக எதுவும் உறைக்காமலும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த மூன்று வருஷத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். இவருக்கு இன்னொரு தடவை இருந்துவிட வேண்டும் என்று ஆசை. கடைமடைக்குப் போகிற கால்வாயில் ஒரு மதகு உடைந்து கிடந்தது, அதைக் கட்டி முடித்துவிட்டு இறங்குகிறேன் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பேசுவதற்கு அரைப் பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒன்பதரைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி வணக்கம் சொன்னார், அடித்தேன். தேர்தல் விஷயத்தைப் பேசலாம் என்றார், அதையும் அடித்தேன். அடுத்து துணைத் தலைவர் பேசினார். இவருக்குத் தம்பி மாதிரி பழகியவர், எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போகாதவர்.

"அண்ணி, இத மட்டும் டைப் பண்ணாதீங்க. அண்ணன் மனசு நோவும். நானு சாயங்காலம் வூட்டுக்கு வந்து பக்குவமா சொல்லிக்கிறன்."

எங்கள் பக்கம் கெட்ட செய்தியை யாரும் நேரடியாகச் சொல்லமாட்டார்கள். ஒருவர் செத்துப்போனால்கூட, 'அவருக்கு உடம்பு சரியில்ல, கெளம்பி வா' என்றுதான் சொந்தக்காரனைக் கூப்பிடுவார்கள். வந்தவனைச் சாப்பிட வைத்து, வேறு ஒரு ஆள் மெதுவாக ஆரம்பிப்பார். மனசு நோகாமல் சொல்வதுதான் மரியாதை. அதனால் துணைத் தலைவர் சொன்னது எனக்கு அந்த நேரத்தில் தப்பாகவே படவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றாரு?"

'நெட்வொர்க் சரியில்லயாம். சரி பண்றாங்க' என்று அடித்தேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி போனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்துக்கு முன்னாலேயே எட்டு நிமிடம் அவரைப் பற்றிப் பேசினார்கள். போனின் மேல் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தெரியும். யோக்கியமான மனுஷன், ஆனால் ஆபீசில் போய்ப் பேசுவதற்குக் காது வேண்டுமே என்றார் ஒருவர். ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கிறது என்றார் இன்னொருவர். கௌரவமாக விலக்கி வைத்துவிடலாம், பொங்கலுக்கு ஒரு மாலை போட்டுவிடலாம் என்றார்கள். கடைமடை ஊரிலிருந்து சங்கத்தில் இருந்த ஒரே பெண் மட்டும், "இதெல்லாம் அவரக் கேட்டீங்களா?" என்றாள்.

"அண்ணிதான் இருக்காங்களே" என்றார் துணைத் தலைவர். பிறகு என்னையும் ஒரு வார்த்தை கேட்டார். நான் பதில் சொன்னேன். இவர் என் வாயைப் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

துணைத் தலைவரையே தலைவராக்கச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் அதிகாரி. எல்லோர் கையும் மேலே போனது. கடைமடைக்காரியின் கை மெதுவாகப் போனது, ஆனால் போனது.

இவர் அத்தனை கைகளையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தானே கை தூக்குவது அழகில்லை என்று நினைத்திருப்பார். இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து, திரையில் இருந்த எல்லோரையும் கும்பிட்டார். "ரொம்ப சந்தோஷம், எல்லாருக்கும் நன்றி" என்று சத்தமாகச் சொன்னார்.

துணைத் தலைவர் கட்டம் கறுத்துப்போனது. கேமராவை அணைத்துவிட்டார். "சரி, தலைவரே ஏத்துக்கிட்டாரு. ஏகமனதுன்னு போட்டுக்கறன்" என்றார் அதிகாரி. இவர் சட்டைப் பையிலிருந்து அந்த அரைப் பக்கத்தை எடுத்துப் பிரிப்பதற்குள் கூட்டம் முடிந்து போன் இருட்டாகிவிட்டது.

"போயிடிச்சா?" என்றார்.

'நெட்வொர்க்' என்று அடித்தேன்.

குற்ற உணர்ச்சியில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. அன்றைக்கு மீன் குழம்பு, நன்றாகவே சாப்பிட்டேன். மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளினால் அது யாருடைய காலோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு. சாயங்காலம் துணைத் தலைவர் வருவார், சொல்லிவிடுவார், முடிந்துவிடும் என்று இருந்தேன். அவர் வரவில்லை. மாடு கன்று போடுகிறது, நாளைக்கு வருகிறேன் என்று எனக்குப் போன் செய்தார். மறுநாளும் வரவில்லை.

இவர் திங்கட்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் உடைந்த மதகை அளந்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை கொத்தனாரைப் பார்த்துப் பேசினார். கொத்தனாருக்கு விஷயம் தெரியும், ஊருக்கே தெரியும். அவரும் தலையை ஆட்டி அனுப்பி வைத்தார். இவர் கடைத்தெருவில் போகும்போது பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பேச்சு நின்றதுகூட இவருக்குத் தெரியாது. நாலு நாள் நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்து சோறு போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தீர்மான நகல் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. வயலில் நிற்கும்போதே படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். திட்டவில்லை. லேப்டாப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம பேசினத எழுது. யாரு யாரு இன்னா சொன்னாங்களோ, ஒன்னு வுடாம."

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் அடித்தேன். துணைத் தலைவர் அடிக்க வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். ஆச்சரியம், எல்லாம் ஞாபகம் இருந்தது, யார் எந்த வார்த்தையில் இருமினார் என்பதுகூட. காது வேண்டுமே என்றதை அடித்தேன். இரண்டு மணி நேரம் இழுப்பதை அடித்தேன். பொங்கல் மாலையை அடித்தேன். அவர் மூச்சு விடுவது மட்டும் என் தலைக்கு மேலே கேட்டது.

"எல்லாரும் கை தூக்கினப்ப நானு இன்னா பண்ணிக்கினு இருந்தன்?" என்றார்.

'கும்பிட்டீங்க' என்று அடித்தேன்.

அந்த ஒரு வார்த்தையைக் குனிந்து படித்தார். பிறகு, "உன்ன யாரும் ஒன்னும் கேக்கலியா?" என்றார்.

கேட்கவில்லை என்று அடித்திருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? இந்த உலகத்தில் அந்தக் கூட்டம் அவருக்கு என் பத்து விரல் வழியாகத்தான் நடந்தது. ஆனால் விரல் தானாகப் போய்விட்டது, நான் துணைத் தலைவரிடம் சொன்னதை அப்படியே அடித்தேன்: 'எனக்கும் முடியல தம்பி. அவருக்குக் காதா இருந்து இருந்து அலுத்துப்போச்சி. நீங்களே எடுத்துக்கங்க.'

அவர் அதைப் படித்து முடிக்க ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. மூன்றே வரிதான்.

"இத என்கிட்ட ஒரு வரி அடிச்சிருந்தின்னா," என்றார், வழக்கமான அந்தப் பெரிய குரலில், நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "நானே வேணாம்னு சொல்லிட்டு எழுந்து வந்திருப்பனேடி."

நான் ஒன்றும் அடிக்கவில்லை. அவர் அடுத்த வரி வருமென்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.